ஃப்ளைவீலில் மின்சாரத்தை ஏற்றுவதும் இறக்குவதும்: பேனலுக்கு முன்னால் நிற்பவருக்குச் சில வார்த்தைகள்

என்னோடு முதல் ஷிப்டுக்கு வரும் பையன்கள் எல்லோரும் ஃப்ளைவீல், அதாவது சுழலும் வட்டில் ஆற்றலைச் சேர்த்துவைக்கும் இயந்திரம், இருக்கும் கேபினட்டின் முன்னால் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "சார், இது ஓடுதா, நிக்குதா?"

கேட்பதில் தப்பில்லை. ஆளுயர இரும்பு அலமாரி. குளிர்விக்கும் விசிறி இரைகிறது, வெற்றிடப் பம்ப் லேசாக முனகுகிறது, அவ்வளவுதான் சத்தம். உள்ளே 300 கிலோ எஃகு வட்டு நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அந்த வட்டின் ஆரம் 30 சென்டிமீட்டர். விளிம்பில் ஒரு புள்ளி வைத்தால், அது விநாடிக்கு 250 மீட்டர் ஓடும்.

எங்கள் கணினி மையத்தில் மின்தடைக்கும் டீசல் ஜெனரேட்டர் லோடை எடுப்பதற்கும் இடையிலுள்ள சில விநாடிகளைத் தாங்குவதற்காக இந்த இயந்திரம் இருக்கிறது. பல வருடமாக இதன் பேனல்தான் எனக்குப் பகலும் இரவும். கையேட்டில் எல்லாம் இருக்கிறது; ஆனால் எந்த எண்ணை எப்போது பார்க்க வேண்டும், எதை மாற்றினால் எங்கே உதைக்கும் என்பது அதில் இருப்பதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு கணக்கு

இதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். சுழலும் பொருளிலுள்ள ஆற்றல், அதன் நிலைமத் திருப்புத்திறனில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நம் வட்டின் நிலைமத் திருப்புத்திறன் 13.5 கிலோகிராம் சதுர மீட்டர். 8,000 சுற்று என்பது விநாடிக்கு 838 ரேடியன். பெருக்கிப் பாருங்கள்: சுமார் 4.74 மெகாஜூல். நம் மின் கட்டணக் கணக்கில் 1.3 யூனிட்.

என்னது, இவ்வளவு பெரிய இயந்திரத்தில் 1.3 யூனிட்தானா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சேமிப்பு என்ற சொல் படுத்தும் பாடு அது. தண்ணீரை நாள்கணக்கில் வைத்திருக்கும் தொட்டியாக இதை நினைக்கக் கூடாது. இது சில விநாடிகளில் கவிழ்த்துக் கொட்டக்கூடிய வாளி. அதுவும் அடியில் சிறு ஓட்டை உள்ள வாளி.

வர்க்கம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். வேகம் பாதியானால் ஆற்றல் பாதியாவதில்லை, கால்பங்காகிவிடுகிறது. 8,000 சுற்றிலிருந்து 4,000க்கு இறங்குவதற்குள் முக்கால் பங்கு வெளியே வந்துவிடும். அதாவது 3.55 மெகாஜூல் நம் கையில் வரும், 1.18 வட்டிலேயே நிற்கும். அந்த மிச்சத்தையும் ஏன் கறப்பதில்லை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஏற்றுவது

ஸ்டார்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன் இரண்டு விஷயம் நடந்திருக்க வேண்டும். வெற்றிடப் பம்ப் உள்ளேயிருக்கும் காற்றை, வளிமண்டல அழுத்தத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்திருக்க வேண்டும். காந்தப் பேரிங் வட்டைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். காற்று மிச்சமிருந்தால் அந்த வேகத்தில் உரசியே வட்டு சூடாகிவிடும். பேனல் இவை இரண்டும் சரி என்று காட்டும்வரை தொடாதீர்கள். புதிதாக நிறுவியபோதோ பழுது பார்த்தபின்போ வெற்றிடம் பிடிக்க மணிக்கணக்காகும். அந்த நேரத்தில் பம்பைத் திட்டிப் பயனில்லை.

இனி மின்சாரம் உள்ளே போகும் வழி. வெளியிலிருந்து வரும் ஏசி, யுபிஎஸ்ஸின் ரெக்டிஃபையரில் டிசியாகிறது. அந்த டிசி ஓடும் பொதுக் கம்பிதான் டிசி பஸ்; எங்களுடையது 540 வோல்ட். அங்கிருந்து ஃப்ளைவீலின் கன்வெர்ட்டர், ஐஜிபிடி எனப்படும் ஆறு மின்னணு சுவிட்சுகளைக் கொண்டு அதை மறுபடி மூன்று கட்ட ஏசியாக்கி, வட்டோடு ஒரே அச்சிலிருக்கும் மோட்டாருக்குக் கொடுக்கிறது. இந்த ஏசி 50 ஹெர்ட்ஸில் கட்டுண்டதில்லை. வட்டு எவ்வளவு வேகமோ அதற்கேற்ற அதிர்வெண்ணில் போகும், வட்டோடு சேர்ந்து ஏறும்.

மோட்டார் என்று சொன்னேனா? ஜெனரேட்டரும் அதேதான். தனியாக இன்னொன்று கிடையாது. புரியாதவர்களுக்கு நான் கன்றுக்குட்டியைத்தான் காட்டுவது வழக்கம். கன்றைக் கயிற்றில் கட்டிக் கூட்டிப்போகிறீர்கள். நீங்கள் ஒரு அடி முன்னால் போய்க் கயிற்றை இழுத்தால் கன்று வேகம் பிடிக்கும். கன்று முன்னே பாய, நீங்கள் பின்னால் குதிகாலை ஊன்றிப் பிடித்தால் அதன் வேகம் உங்கள் கையில் இழுவையாக வந்து சேரும். கயிறு ஒன்றுதான், நிற்கும் இடம்தான் வேறு. ஸ்டேட்டரில் (மோட்டாரின் அசையாத பகுதி) சுற்றும் காந்தப்புலம் ரோட்டருக்கு (வட்டோடு சுழலும் பகுதி) முன்னே நின்று இழுத்தால் மோட்டார், பின்னே நின்று பிடித்தால் ஜெனரேட்டர். ரோட்டர் இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்பதை அறிந்து, புலத்தை முன்னேயோ பின்னேயோ நகர்த்துவதுதான் கன்வெர்ட்டரின் வேலை. மில்லிவிநாடிகளில் மாற்றிவிடும்.

நின்ற நிலையிலிருந்து ஏற்றும்போது வேகமானியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பாடம் அங்கே இருக்கிறது. எங்கள் ஏற்றும் திறன் 20 கிலோவாட். ஆனால் ஆரம்பத்தில் 20 கிலோவாட் போகாது. திறன் என்பது டார்க்கையும் (சுழற்றும் முறுக்கு விசை) வேகத்தையும் பெருக்கினால் வருவது; வேகமே இல்லாதபோது எத்தனை டார்க் கொடுத்தாலும் திறன் கொஞ்சம்தான். டார்க்குக்கோ மின்னோட்டம்தான் எல்லை. அதனால் 4,000 சுற்றுவரை ஒரே டார்க்கில், சுமார் 48 நியூட்டன் மீட்டரில், தள்ளிக்கொண்டு போகும். இதற்கு இரண்டு நிமிடம். அதற்குமேல் 20 கிலோவாட் மாறாமல் போகும், டார்க் குறைந்துகொண்டே வரும். முழு வேகத்துக்கு இன்னும் மூன்று நிமிடம். முதல் பாதி வேகம் சீக்கிரம் ஏறிவிட்டதே என்று சந்தோஷப்படுவார்கள். அதில் சேர்ந்தது கால்பங்கு ஆற்றல்தான். பின்பாதிதான் ஆமை வேகம், ஆனால் சரக்கெல்லாம் அதில்.

மெதுவாக ஏற்றி ஒரே வீச்சில் இறக்குவதற்கு நான் சொல்லும் உதாரணம், இங்கிலாந்தின் கல்ஹாமில் 1983 முதல் 2023 வரை ஓடிய ஜெட் (JET) என்ற அணுக்கரு இணைவு ஆய்வுக்கூடம். அங்கே இரண்டு ஃப்ளைவீல் ஜெனரேட்டர்கள். ஒவ்வொன்றிலும் 775 டன் சுழலும். நிமிடத்துக்கு வெறும் 225 சுற்று. 8.8 மெகாவாட் மோட்டார் அதை மெல்லச் சுழற்றி ஏற்றும். பரிசோதனைத் துடிப்பு வரும்போது பாதி வேகம்வரை இறங்கி 2.6 கிகாஜூல் கொடுக்கும், உச்சத்தில் 400 மெகாவாட். வகுத்துப் பாருங்கள்: இழப்பே இல்லையென்றாலும் ஐந்து நிமிடம் சேர்க்க வேண்டியது, உச்சத் திறனில் இறக்கினால் ஏழு விநாடிக்குள் காலி. பாதி வேகத்தில் நிறுத்தும் வழக்கம் அங்கும் அதேதான் என்பதைக் கவனியுங்கள்.

காத்திருப்பது

முழு வேகம் வந்தபிறகு கன்வெர்ட்டர் துளித்துளியாக மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும். வெற்றிடத்தில் மிஞ்சிய காற்றின் உரசல், பேரிங் இழப்பு, இரும்புக்குள் ஓடும் சுழல் மின்னோட்டம், இவற்றை ஈடுகட்ட. எங்கள் இயந்திரத்தில் இது மொத்தமாக அரை கிலோவாட்டை ஒட்டி வருகிறது. நாளைக்கு 12 யூனிட். 1.3 யூனிட்டை வைத்துக்காக்க நாளைக்கு 12 யூனிட் தீனி! பகலில் வரும் சூரிய மின்சாரத்தை ராத்திரிக்கு இதில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லி அனுப்பிவிடுவேன். நல்ல காந்தப் பேரிங்கும் கார்பன் இழை ரோட்டரும் உள்ளவை இதைவிட மேல்தான், ஆனாலும் ராத்திரிவரை பத்திரமாக வைப்பது பேட்டரிக்குத்தான் பொருந்தும்.

பேட்டரியில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஊகிக்க வேண்டாம். வேகத்தைப் பார்த்தால் ஜூல் கணக்கில் சொல்லிவிடலாம். பேட்டரி இன்று எவ்வளவு தாங்கும் என்பது அதன் வயது, வெப்பநிலை, நேற்றைய மனநிலை எல்லாவற்றையும் பொறுத்தது. வட்டு பொய் சொல்லாது.

இறக்குவது

மின்சாரம் போகிறது. ரெக்டிஃபையர் நின்றதும் பஸ் வோல்டேஜ் சரியத் தொடங்கும். 520க்குக் கீழே போனதும் கன்வெர்ட்டர் புலத்தைப் பின்னுக்குத் தள்ளி, மோட்டாரை ஜெனரேட்டராக்கி, பஸ்ஸைத் தாங்கிப்பிடிக்கும். யாரும் பொத்தான் அழுத்துவதில்லை, ரிலே எதுவும் தட்டுவதில்லை. நான் அறையில் இருக்கும்போது நடந்தால் முதலில் தெரிவது விளக்கு அணைவது, அப்புறம் கன்வெர்ட்டரின் கீச்சொலி கனத்து இறங்குவது.

அந்த 520 என்ற எண்ணில் கைவைக்கும்போது நிதானம் வேண்டும். 540க்கு மிக அருகில் கொண்டுவந்தால், வெளியில் ஒரு பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகி வோல்டேஜ் லேசாகத் தாழ்ந்தாலே இயந்திரம் இறக்கத் தொடங்கும், உடனே ஏற்றத் தொடங்கும். மிகவும் கீழே வைத்தாலோ, பஸ்ஸின் டிசியை லோடுக்கு ஏசியாக்கும் இன்வெர்ட்டரின் குறை வோல்டேஜ் எல்லை முந்திக்கொண்டு அதை அணைத்துவிடும்.

எங்கள் லோடு 200 கிலோவாட். கன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் வட்டிலிருந்து 210 கிலோவாட் போகும். 3.55 மெகாஜூலை அதால் வகுத்தால் 17 விநாடி சொச்சமில்லாமல். லோடு பாதியென்றால் 34. இரண்டு கேபினட்டை இணையாகப் போட்டாலும் அதே கணக்குதான்.

இதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று. முதல் எட்டரை விநாடியில் வேகம் 8,000லிருந்து 6,300 சுற்றளவுக்கு இறங்கும். பாதி தீர்ந்துவிட்டது, ஆனால் மானியைப் பார்த்தால் இன்னும் நிறைய இருப்பதுபோல் தோன்றும். அடுத்த எட்டரை விநாடியில் 6,300லிருந்து 4,000க்குச் சரசரவென்று விழும். பணம் கரைவது மாதிரிதான், பாதிக்குமேல் போனபிறகுதான் கண்ணுக்குத் தெரியும். வேகமானியை நேர்க்கோடாக நினைத்து இன்னும் நேரம் இருக்கிறது என்று நடந்துவந்தால், ஜெனரேட்டர் அறைக்குள் நுழைவதற்குள் கதை முடிந்திருக்கும்.

வேகம் இறங்கும்போது உள்ளே இரண்டு காரியம் நடக்கிறது. ஸ்டேட்டர் காயிலில் பிறக்கும் வோல்டேஜ் வேகத்தோடு சேர்ந்து குறைகிறது. பாதி வேகத்தில் பாதி. ஆனால் பஸ்ஸுக்குத் தேவையானது குறையவில்லை. அதனால் கன்வெர்ட்டர், காயிலின் மின்தூண்டலைப் பயன்படுத்தி வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கிறது. அதே திறனுக்கு மின்னோட்டம் இரட்டிப்பாகிறது. டார்க்கும் 250 நியூட்டன் மீட்டரில் தொடங்கி 500ஐத் தொடும். ஐஜிபிடி, கேபிள், அச்சு எல்லாவற்றுக்கும் கடைசி விநாடிதான் கடினமான விநாடி. 4,000க்கும் கீழே இறக்க வேண்டுமென்றால் இன்னும் பெரிய சுவிட்சுகள் வேண்டும், கிடைப்பதோ மீதிக் கால்பங்கில் ஒரு பகுதி. கட்டுப்படியாகாது. மிச்சத்தைக் கறக்காததற்கு இதுதான் காரணம்.

நான் வாங்கிய அடி

ஏற்றும் திறனை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. டீசல் ஜெனரேட்டர் லோடெடுக்கும்போது ஃப்ளைவீலும் 20 கிலோவாட் இழுப்பதால் அதிர்வெண் தள்ளாடியது. சரி என்று ஏற்றும் திறனை 5 கிலோவாட்டாகக் குறைத்துவிட்டேன். தள்ளாட்டம் நின்றது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ஒரு இடி மழை ராத்திரி. மின்சாரம் 7 விநாடி போய் வந்தது. சின்ன தடைகளுக்கு ஓடக்கூடாதென்று ஜெனரேட்டருக்கு 3 விநாடி காத்திருப்பு வைத்திருந்தோம், அது கிளம்பி லோடு எடுக்க இன்னும் 9 விநாடி, ஆக 12. அதற்குள் மின்சாரம் திரும்பிவிட்டதால் அது பின்வாங்கிவிட்டது. வட்டு அப்போது 6,640 சுற்றில். முப்பது விநாடி கழித்து மறுபடி போனது.

அந்த முப்பது விநாடியில் 5 கிலோவாட்டில் ஏறியது வெறும் 0.15 மெகாஜூல். கையிலிருந்தது மொத்தம் 2.23. அது 10.6 விநாடிக்குத் தாங்கியது. ஜெனரேட்டர் 12வது விநாடியில் வந்து சேர்ந்தபோது கணினி ரேக்குகள் எல்லாம் கறுப்பாக இருந்தன.

விடிந்ததும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 20 கிலோவாட்டிலேயே விட்டிருந்தால் 0.6 ஏறியிருக்கும், 12.7 விநாடி கிடைத்திருக்கும். நூலிழைதான், ஆனால் தப்பித்திருப்போம். இப்போது இரண்டு அளவு வைத்திருக்கிறோம்: வெளி மின்சாரத்தில் இருக்கும்போது 20, ஜெனரேட்டரில் இருக்கும்போது 5. யுபிஎஸ்ஸுக்கு ஜெனரேட்டர் ஓடுகிறது என்று ஒரு சிக்னல் கம்பி இழுத்தால் போதும், அது தானே மாற்றிக்கொள்ளும். நீங்கள் இந்த அமைப்பைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, 17 விநாடி தாங்குகிறதா என்பதைவிட, அடுத்தடுத்து இரண்டு தடை வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான்.

ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி

இப்படி எப்போதோ ஒருமுறை இறக்காமல் நாள் முழுக்க இதே வேலையாக இருக்கும் இயந்திரங்களும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டீஃபன்டவுனில் 2011ல் முழுமையடைந்த நிலையத்தில் 200 ஃப்ளைவீல்கள், சேர்த்து 20 மெகாவாட். ஒவ்வொன்றும் 100 கிலோவாட்டை கால் மணி நேரம் தரும். கார்பன் இழை ரோட்டர், உச்ச வேகம் 16,000 சுற்று. மின்தொகுப்பின் அதிர்வெண் தாழ்ந்தால் இறக்கும், உயர்ந்தால் ஏற்றும். பேட்டரியை இப்படிக் குலுக்கினால் ஆயுள் குறையும். ஃப்ளைவீலுக்கு இது மூச்சு விடுவது மாதிரி.

ஆனால் எங்கள் மாதிரிச் சின்ன இயந்திரத்தை அப்படி ஓட்ட ஆசைப்படாதீர்கள். வெற்றிடத்தில் சுழலும் ரோட்டரிலிருந்து வெப்பம் வெளியேற கதிர்வீச்சு ஒன்றுதான் வழி. காற்றும் இல்லை, காந்தப் பேரிங்கில் தொடுகையும் இல்லை. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் ரோட்டரில் கொஞ்சம் சூடு சேரும், மெதுவாகத்தான் போகும். நிரந்தரக் காந்தங்கள் அளவுக்குமேல் சூடானால் பலம் இழக்கும். மணிக்கு எத்தனை முறை இறக்கலாம் என்று தயாரிப்பாளர் போட்டிருக்கும் எண் அதற்காகத்தான்.

வண்டியில் வைத்தும் பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் இவெர்டோனில் 1953ல் ஓடத் தொடங்கிய ஜைரோபஸ்ஸில் 1.5 டன் வட்டு, 3,000 சுற்று. நிறுத்தத்தில் நிற்கும்போது கூரையிலிருந்து மூன்று கம்பங்களை நீட்டி மின்சாரத்தைத் தொட்டு ஏற்றிக்கொள்ளும். எனக்கு அந்தப் பஸ்ஸில் ஒருமுறையாவது ஏறியிருக்க வேண்டும் என்று ஆசை. நடக்காத காரியம்.

மாதாந்திரச் சோதனை

மாதம் ஒருமுறை நிஜ லோடோடு இறக்கிப் பார்க்கிறோம். தொடங்கிய வேகம், முடிந்த வேகம், சராசரி கிலோவாட், விநாடி என நான்கே எண். கணக்கோடு ஒத்துப்போனால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது சும்மா உருளவிடும் சோதனை. ஏற்றுவதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, பத்து நிமிடத்தில் வேகம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. அரை கிலோவாட் இழப்புக்குச் சுமார் 250 சுற்று இறங்க வேண்டும். போன மாதம் 250, இந்த மாதம் 320 என்றால், முதலில் வெற்றிட மானியைப் பாருங்கள். அநேகமாக எங்கோ சீல் கசிகிறது, அல்லது பம்ப் எண்ணெய் கெட்டுவிட்டது. அழுத்தம் சரியாக இருந்தும் இறக்கம் கூடியிருந்தால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இந்தச் சோதனையைச் செய்யும்போது மட்டும் வேறு காப்பு ஏதாவது இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், மின்சாரத்துக்கு நேரம் காலம் தெரியாது.

கதவைத் திறப்பதற்கு முன்

பிரேக்கரை இறக்கி, பூட்டுப் போட்டு, எச்சரிக்கைப் பலகை மாட்டினால் மற்ற பேனல்களில் வேலை செய்யலாம். இதில் முடியாது. பிரேக்கர் இறங்கினாலும் வட்டு சுற்றிக்கொண்டேதான் இருக்கும், தானாக நிற்க எங்கள் இயந்திரத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். நிரந்தரக் காந்த ரோட்டர் என்பதால் சுற்றும்வரை முனையங்களில் மின்சாரம் இருக்கும். கன்வெர்ட்டரை அணைப்பதற்கு முன்பே நிறுத்தக் கட்டளை கொடுங்கள். மிச்ச ஆற்றலை பஸ்ஸுக்கோ, மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டருக்கோ கொட்டிவிட்டு வட்டு நிற்கும். அவசரப்பட்டு வெற்றிட வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்டு நிறுத்தலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். விநாடிக்கு 250 மீட்டரில் ஓடும் விளிம்பின்மேல் காற்று பாய்ந்தால் என்ன ஆகும் என்று அவரையே யோசிக்கச் சொன்னேன்.

மானி பூஜ்யம் காட்டினாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். வேக சென்சாரின் கம்பி கழன்றிருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். சோதனைப் புள்ளியில் வோல்ட்மீட்டரை வைத்து, மூன்று கட்டத்துக்கும் இடையே மாற்றி மாற்றிப் பாருங்கள். வோல்ட்மீட்டர் வேலை செய்கிறதா என்பதை அதற்கு முன்னும் பின்னும் மின்சாரம் உள்ள வேறொரு இடத்தில் தொட்டுப் பாருங்கள். அப்புறம் ஸ்பானரை எடுங்கள்.